கப்பல் டிப்ஸைக் கழிக்கச் சொல்லாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாப்பாடு, நீச்சல் குளம், இரவு நிகழ்ச்சி என்றுதான் பேசுவார்கள். நான் எழுத நினைப்பது பில்லில் வரும் ஒரே ஒரு வரியைப் பற்றி. கிராஜுவிட்டி என்று போட்டிருக்கும், அதாவது கப்பல் பணியாளர்களுக்கான டிப்ஸ். ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே ஏறிக்கொண்டு போகும். நாங்கள் நான்கு பேர் போனதற்கு அது மட்டும் 300 அமெரிக்க டாலரைத் தொட்டது. நம் கணக்கில் கிட்டத்தட்ட 390 சிங்கப்பூர் வெள்ளி. அந்தப் பணம் நியாயமானதா, அதை வாங்கும் முறை நியாயமானதா என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதற்கு என் பதில் ஆமாம். இரண்டாவதற்கு இல்லை.

நான் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக வேலை பார்த்தவள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் விரிப்பின் மூலை எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது, குளியலறை வடிகாலில் முடி இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் போகும். இந்தக் கப்பல் கேபினில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நான்கு பேர் கேபின் என்றால் இரண்டு படுக்கை கீழே, இரண்டு படுக்கை மேலே கூரையோடு மடிந்திருக்கும். கேபின் ஸ்டூவர்ட் தினமும் மேல் படுக்கைகளை இறக்கி, விரித்து, ஏணி மாட்டி, மறுநாள் திரும்ப மடித்து ஏற்ற வேண்டும். ஹோட்டலில் டிராலியை அறை வாசலில் நிறுத்திவிட்டுச் சுற்றிவர இடம் இருக்கும். இங்கே நடைபாதையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். கேபினுக்குள் குனிந்து நிமிரவே இடம் கம்மி. அந்த இடத்தில் நான்கு பேர் துண்டு, குழந்தைகளின் ஈரத் துணி, சிதறிய பிஸ்கட் துகள் எல்லாவற்றையும் சமாளித்து, நாங்கள் காலை உணவு முடித்து வருவதற்குள் அறையைப் புதிதாக்கி வைத்திருந்தார் அந்த பிலிப்பைன்ஸ்காரர்.

இதைவிடக் கடினமான நாள் ஒன்று அவர்களுக்கு இருக்கிறது. கப்பல் திரும்பி வந்து சேரும் நாள். காலையில் பழைய பயணிகள் இறங்குவார்கள், மதியத்துக்குள் புதிய பயணிகள் ஏற ஆரம்பித்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் சில மணி நேரத்தில் தன் பங்குக்கு வரும் எல்லா கேபினையும் அடியோடு மாற்ற வேண்டும். ஹோட்டலில் ஒரே நாளில் எல்லா அறையும் காலியாகி எல்லா அறையும் நிரம்புவது எப்போதாவது நடக்கும். நான்கைந்து நாள் பயணம் போகும் கப்பலில் அது வாராவாரம் நடக்கிறது.

சரி, பணத்துக்கு வருவோம்.

கம்பெனிக்குக் கம்பெனி தொகை மாறும். 2025-இல் ராயல் கரீபியன் கப்பல்களில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர், சூட் அறைக்கு 21 டாலர். நார்வீஜியன் கம்பெனியில் 20 டாலர். குழந்தைகளுக்கும் உண்டு. நார்வீஜியனில் மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் விலக்கு. ராயல் கரீபியனில் வயதுக் கணக்கே கிடையாது, கைக்குழந்தைக்கும் முழுத் தொகைதான். நாங்கள் போனது எந்தக் கப்பல் என்று சொல்லப்போவதில்லை. இந்த விஷயத்தில் பெரிய அமெரிக்கக் கம்பெனிகளெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

முன்பு இப்படி இல்லை. கடைசி இரவு கேபினில் காலி உறைகள் இருக்கும். ஸ்டூவர்டுக்கு ஒன்று, வெயிட்டருக்கு ஒன்று, உதவி வெயிட்டருக்கு ஒன்று, தலைமை வெயிட்டருக்கு ஒன்று. பயணிகள் ரொக்கத்தைப் போட்டு அவரவர் கையில் கொடுப்பார்கள். பயணம் முழுக்க ஒரே மேசை, ஒரே வெயிட்டர் என்று இருந்தவரை அது சரியாக வந்தது. அப்புறம் எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஆனது. இன்று பஃபே, நாளை வேறு உணவகம் என்றால் உறையை யாரிடம் கொடுப்பது? ஆகவே ஒவ்வொரு கம்பெனியாகத் தானாக ஏறும் கணக்குக்கு மாறின. ராயல் கரீபியன் 2013-இல் மாறியது.

இந்தத் தொகை பொதுவாக ஸ்டூவர்டுக்கும் உணவகப் பணியாளர்களுக்கும் மட்டும் போவதில்லை. கண்ணில் படாமல் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கப்பலின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத இடத்தில் துணி வெளுப்பவர்களை எந்தப் பயணியும் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான துண்டும் விரிப்பும் மேசைத்துணியும் தினமும் அங்கேதான் போய் வருகின்றன. ஹோட்டல் லாண்டிரியின் சூடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு யார் உறை கொடுத்திருப்பார்கள்? பங்கு பிரிக்கும் முறையில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

நாத்தனார் குடும்பமும் எங்களோடு வந்திருந்தது. இரண்டாம் நாள் காலை நாத்தனார் வீட்டுக்காரர் செல்போன் ஆப்பில் கணக்கைப் பார்த்துவிட்டுக் கோபமாக வந்தார். நாங்கள் டிக்கெட் எடுத்த ஏஜென்ட் "எல்லாம் சேர்த்துதான் விலை" என்று சொல்லியிருந்தார். தங்குவது, சாப்பாடு, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்திதான். டிப்ஸ் மட்டும் சேர்த்தியில்லை. விலைப்பட்டியலில் அது ஒரு வரியாகக்கூட இல்லை. நான் கம்பெனி நிபந்தனைகளைப் படித்துவிட்டு ஏறியதால் எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் ஐந்து பேர், என் மாமியாரையும் சேர்த்து. 

"கெஸ்ட் சர்வீசஸ் கவுண்டரில் போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார்களாம். நான் எடுக்கச் சொல்லப்போகிறேன். யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவர்களுக்கு நானே கையில் கொடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். பல கப்பல்களில் அந்தத் தொகையைக் குறைக்கவோ நீக்கவோ கேட்கலாம். பயணத்தின் கடைசி மாலையில் அந்த கவுண்டர் முன்னால் வரிசை நீளமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் அப்படி நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. சிங்கப்பூரில் நாம் டிப்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இல்லை. உணவகத்தில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் பில்லிலேயே ஏறிவிடும். கட்டிவிட்டு எழுந்து போவோம். அமெரிக்காவிலோ டிப்ஸ் இல்லாமல் வெயிட்டர் வேலையே இல்லை. அந்த ஊர் வழக்கம் கப்பலோடு சேர்ந்து மெரினா பே துறைமுகத்துக்கு வந்து நிற்கிறது. டிப்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் விருப்பப்பட்டால் கொடுப்பது என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம்.

நான் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அண்ணா, அது பெயரில்தான் டிப்ஸ். நடைமுறையில் அது அவர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி. பெரும்பாலான கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, பெர்முடா என்று எங்கேயோ பதிவானவை. அமெரிக்கக் கம்பெனியாக இருந்தாலும் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியம் அங்கே செல்லாது. கடல் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை ஒன்று இருக்கிறது, 2006-இல் செய்தது, 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அது கேட்பது 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேர ஓய்வு. ஓய்வு நேரத்தை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் வாரத்தில் வேலைக்கு 91 மணி நேரம் மிச்சம். திறன்பெற்ற மாலுமி ஒருவருக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழியாக 2025-க்கு ஒத்துக்கொண்ட குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 673 அமெரிக்க டாலர். இது தளத்தில் வேலை செய்யும் மாலுமிக்கான அளவுகோல். படுக்கை விரிக்கிறவருக்கும் தட்டு தூக்குகிறவருக்கும் வருமானத்தில் பெரும்பங்கு நம் பில்லில் ஏறும் அந்த வரியிலிருந்துதான் வருகிறது. நீங்கள் கவுண்டரில் போய் எடுக்கச் சொன்னால் நஷ்டம் கம்பெனிக்கு இல்லை. 

அவர் யோசித்தார். ஏஜென்ட் மேல் இருந்த கோபத்தைக் கப்பலில் வேலை செய்கிறவர்கள் மேல் காட்டக் கூடாது என்று நாத்தனாரும் சொன்னாள். கவுண்டருக்கு அவர் போகவில்லை. ஊர் திரும்பியதும் ஏஜென்டிடம்தான் போனார். அதுதான் போக வேண்டிய இடம்.

ஆனால் கம்பெனிகளை நான் விட்டுவிடப் போவதில்லை. கட்டாயம் மாதிரி வாங்கும் ஒரு தொகையை விளம்பர விலையில் சேர்க்காமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம், விலை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதுதான். சேர்த்துக் காட்ட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே மாதத்திலிருந்து தினசரி டிப்ஸையே எடுத்துவிட்டது. அதே நாட்டின் மரெல்லா கப்பல்களில் டிப்ஸ் கட்டணத்துக்குள் அடக்கம். சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்ற விலை கூடிய கப்பல்களிலும் அப்படித்தான்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. முன்பு காலை, மாலை என இருவேளை கேபினைச் சுத்தம் செய்தார்கள். இப்போது பல கம்பெனிகள் சாதாரண கேபின்களுக்கு ஒருவேளையாகக் குறைத்துவிட்டன. ஒரு வேளை சுத்தம் செய்தால் போதாதா என்றால் போதும். ஆனால் அதே சில வருடங்களில் தினசரி டிப்ஸ் தொகை ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஒரு ஸ்டூவர்டுக்கு மாலை வேலை போனால் அந்த இடத்தில் கூடுதல் கேபின்கள் வந்து சேரும். ஹோட்டலில் அறை எண்ணிக்கையைக் கூட்டுவது எப்படி நடக்கும் என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். வேலை குறைந்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

குளிர்பானம், மதுபானம், காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகம், ஸ்பா ஆகியவற்றில் தினசரித் தொகைக்கு மேலே தனியாக 18 விழுக்காடு ஏறும். சில கம்பெனிகளில் 20. குழந்தைகள் கேட்ட மாக்டெயிலுக்கும் ஏறியது. இதில் கவனிக்க வேண்டியது, ரசீதில் அதற்குக் கீழே கூடுதல் டிப்ஸ் என்று ஒரு காலி இடம் விட்டிருப்பார்கள். ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்துப் போடுங்கள், கூச்சப்படத் தேவையே இல்லை. பார்க்காமல் எழுதினால் ஒரே கோப்பைக்கு இரண்டு முறை கொடுத்ததாக ஆகும்.

கையில் ரொக்கமாகக் கொடுப்பது முழுக்க நம் விருப்பம். நான் கொடுத்தேன். சிங்கப்பூர் முஸ்தபா கடையில் ஐந்து, பத்து அமெரிக்க டாலர் நோட்டுகளாக மாற்றிக்கொண்டு போயிருந்தேன். ஸ்டூவர்டுக்கு ஏறிய நாளிலேயே கொஞ்சம், இறங்கும் முன் கொஞ்சம். முதல் நாளே கொடுத்தால் நன்றாகக் கவனிப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அதற்காகக் கொடுக்கவில்லை, எங்கள் கேபினில் வேலை அதிகம் என்று தெரிந்துதான் கொடுத்தேன். தட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பெயர் சொல்லி, நன்றி சொல்லி, கையில் கொடுங்கள். அறையில் கிடக்கும் பணத்தை எடுக்கலாமா கூடாதா என்று சுத்தம் செய்கிறவருக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. மேசையில் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு சீட்டில் அவர் பெயரை எழுதி வையுங்கள். அதிகாரிகளுக்குக் கொடுக்கக் கூடாது. பினாங்கிலும் புக்கெட்டிலும் கரையில் வரும் வழிகாட்டிக்கும் வேன் ஓட்டுநருக்கும் கப்பல் டிப்ஸில் பங்கு கிடையாது, அங்கே தனியாகக் கொடுத்தோம்.

உணவகத்தில் எங்களுக்கு வாய்த்த வெயிட்டர் நாகர்கோவில் பக்கத்துத் தம்பி. மாமியார் சைவம். முதல் இரவே, "பாட்டி, மெனுவில் இல்லாட்டியும் பரவாயில்ல, நாளைக்கு என்ன வேணும்னு இன்னைக்கே சொல்லிடுங்க, சமையல்கட்டுல சொல்லி வெச்சிடறேன்" என்றார். மறுநாள் பருப்பும் சாதமும் காரமாக ஒரு காய்கறியும் வந்தன. மாமியார் கிளம்பும்போது அவருக்குக் கொடுத்தது சிங்கப்பூர் வெள்ளி நோட்டு. வேண்டாம் பாட்டி என்றவரிடம், "வீட்டுக்கு வந்த பேரனை வெறுங்கையா அனுப்புவேனா? வெச்சுக்கப்பா" என்று திணித்துவிட்டார்.

பணத்தோடு இன்னொன்றும் செய்யுங்கள். பயணம் முடிந்ததும் கம்பெனியிலிருந்து கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வரும். அதில் பணியாளர் பெயரைக் குறிப்பிட்டு எழுதினால் அவருடைய மேலதிகாரி பார்ப்பார். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது உதவும். பெயர்ப்பட்டையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் எழுத்துப்பிழை வராது. வேலை, கேபின் எண் அல்லது மேசை எண், என்ன செய்தார் என்பதைக் குறிப்பாகப் போடுங்கள். நல்ல சேவை என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. நான் ஸ்டூவர்டைப் பற்றி மேல் படுக்கை, ஏணி, வடிகால் வரை எழுதினேன். வெயிட்டரைப் பற்றி மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். பருப்பில் உப்பு சரியாக இருந்தது என்பதையும் எழுதச் சொன்னார், எழுதினேன்.