இனிஷியேட்டிவ்: ஆளுக்கு ஒரு டைஸா, சைடுக்கு ஒரு டைஸா?

டி அண்ட் டி-ல (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கு ஒரு கேரக்டரா டைஸ் உருட்டி ஆடுற கதை கேம்) சண்டை வந்தாலே டேபிள் தூங்கி வழியுதுன்னு புலம்பாத டிஎம் (கேமை நடத்தி மான்ஸ்டர்களை ஆட்டுறவர்) கிடையாது. உடனே மான்ஸ்டரோட ஹெச்பிய (எவ்ளோ அடி தாங்கும்ங்கிற எண்) குறைக்கலாமா, புது மேப் வாங்கலாமான்னு போயிடுறாங்க. என்னைக் கேட்டா முதல்ல கை வைக்க வேண்டியது இனிஷியேட்டிவ்லதான், அதாவது சண்டைல யார் எப்போ ஆடுறதுன்னு முடிவு பண்ற முறைல.

2014-ல வந்த அஞ்சாவது எடிஷன்ல எல்லாரும் ஆளுக்கு ஒரு டி20 (இருபது முக டைஸ்) உருட்டி டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) போனஸ கூட்டிப்பாங்க, வர்ற வரிசை சண்டை முடியுற வரைக்கும் மாறாது. நியாயமான முறைதான், டெக்ஸ் ஏத்தி வச்ச ரோக்குக்கும் (திருடன் மாதிரி கேரக்டர்) பலன் இருக்கு. ஆனா டேபிள்ல ஆறு பேர் இருந்தா தன் டர்ன் முடிஞ்சவன் அப்பவே போனை எடுத்துடுவான், மறுபடி கூப்பிடும்போது "என்னாச்சு, யாரு செத்தா"ன்னு கேட்டுட்டு அப்பதான் ஸ்பெல் லிஸ்ட்டையே திறப்பான்.

1981-ல வந்த டி அண்ட் டி பேசிக் ரூல்ஸ்ல சைடுக்கு (பிளேயர்ஸ் ஒரு சைடு, மான்ஸ்டர்ஸ் ஒரு சைடு) ஒரே ஒரு டி6, அதுவும் ஒவ்வொரு ரவுண்டும் புதுசா. ஜெயிச்ச சைடு மொத்தமா ஆடிடும். இதுல "நீ கதவை அடை, நான் எண்ணெய ஊத்துறேன்"னு தானா பேச ஆரம்பிச்சுடுவாங்க, போன் பக்கம் கையே போகாது. இந்த ரவுண்டு கடைசியா ஆடுன சைடு அடுத்த ரவுண்டு முதல்ல வந்துட்டா தொடர்ந்து ரெண்டு தடவை அடி, அந்த பயத்துலயே எல்லார் கண்ணும் டைஸ் மேலதான் இருக்கும். என்ன, வாய் பெருத்த ஒருத்தன் இருந்தா எல்லார் டர்னையும் அவனே ஆடிடுவான், அவனை அடக்குறது டிஎம் வேலை.

அஞ்சாவது எடிஷனோட 2014 டிஎம் கைடுலயும் இது மாதிரி சைடு முறை ஆப்ஷனா இருக்கு, ஆனா லெவல் ஒண்ணுல (புது கேரக்டர்களோட) அப்படியே போட்டா ஆபத்து. ஒரு காப்ளின் (குட்டி பூதம் மாதிரி மான்ஸ்டர்) அடிச்சா 1டி6+2, அதாவது ஒரு ஆறு முக டைஸ் கூட ரெண்டு, சராசரி 5.5, விசார்டுக்கு (மந்திரவாதி) ஹெச்பி பெரும்பாலும் எட்டு வாக்குலதான். நாலு காப்ளின் முதல்ல ஆடி ரெண்டு அடி அவன் மேல விழுந்தாலே விசார்ட் ஒரு ஸ்பெல் கூட போடாம கீழ கிடப்பான், தனித்தனி வரிசைன்னா நடுவுல கிளெரிக் (குணப்படுத்துற சாமியார் கேரக்டர்) புகுந்து காப்பாத்த வாய்ப்பாவது இருக்கும். அதனால நான் காப்ளின்களை ரெண்டு கும்பலா பிரிச்சு, ஒண்ணு பிளேயர்ஸுக்கு முன்னாடி, ஒண்ணு பின்னாடின்னு விடுவேன்.

பாத்ஃபைண்டர்ங்கிற இதே மாதிரி இன்னொரு கேமோட ரெண்டாவது எடிஷனும் தனித்தனி வரிசைதான், பெரும்பாலும் பெர்செப்ஷன் (கவனிக்கிற திறமை) உருட்டுவாங்க, பதுங்கி வந்தவன் ஸ்டெல்த் (பதுங்குற திறமை) உருட்டலாம், அவ்ளோதான் வித்தியாசம்.

பழைய பேசிக்லேர்ந்து இன்னொண்ணையும் சுட்டுக்கலாம், மொரால், அதாவது மான்ஸ்டரோட துணிச்சல் எண். காப்ளினுக்கு ஏழு. முதல் ஆள் செத்ததும் 2டி6 உருட்டு, பாதிப் பேர் விழுந்ததும் இன்னொரு தடவை, ஏழுக்கு மேல வந்தா ஓட்டமோ சரணோதான், மிச்ச ஹெச்பிய சுரண்டிக்கிட்டு இருக்க வேண்டாம்.

ஆள் அதிகம்னா சைடு, மூணு பேர்தான்னா தனித்தனி, என் டேபிள்ல இதான் கணக்கு. ஒத்தை டிராகன் சண்டைக்கு மட்டும் சைடு வேண்டவே வேண்டாம், டாஸ் தோத்துச்சுன்னா அது வாயைத் திறக்குறதுக்குள்ள ஆறு பேரும் சேர்ந்து பாதி ஹெச்பிய உருவிடுவாங்க.