கேனில் "ஆர்.ஓ.டி.ஐ" தண்ணீர் வாங்கும் ரீஃப் டேங்க் நண்பர்கள் கவனத்துக்கு

வீட்டில் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், அதிலும் உப்பு கலக்க ஆர்.ஓ.டி.ஐ தண்ணீரை (ஆர்.ஓ வடிகட்டலுக்குப் பிறகு டி.ஐ ரெசின் வழியாகவும் விட்டு, கரைந்த உப்புகளை நீக்கிய தண்ணீர்) கடையிலிருந்து கேனில் வாங்குபவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். என் 200 லிட்டர் டேங்கில் நைட்ரேட் (மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து சேர்வது) 50 பிபிஎம்மை, அதாவது லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிப் போய் இறங்கவே மாட்டேன் என்று நின்றது. அதைக் குறைக்க மருந்து விற்ற கடைதான், அதை ஏற்றிய தண்ணீரையும் விற்றுக்கொண்டிருந்தது. சென்னையில் இருக்கும் கடை, பெயர் போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் வேறு எந்தக் கடையிலும் நீங்கள் உஷாராக இருக்கலாம்.

என்னிடம் இருப்பவை மென்பவளங்கள்: சோயாந்திட், மஷ்ரூம், ஒரு லெதர், கொஞ்சம் சீனியா. நைட்ரேட் 5 முதல் 20 வரை இருந்தாலும் பொதுவாக இவை நன்றாகவே வளரும். முதலில் சோயாந்திட் மூடிக்கொண்டது. அப்புறம் லெதர் பாலிப்பை (பவளத்தின் பூப்போன்ற சிறு உடல்களை) வெளியே நீட்டுவதையே நிறுத்திவிட்டது. கண்ணாடியைத் துடைத்தால் மறுநாளே பாசி. டெஸ்ட் கிட்டில் பார்த்தால் அட்டையில் 50-க்கு உள்ள நிறத்தைவிட அடர்த்தியான சிவப்பு.

தண்ணீரைக் கடைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் மீட்டரில் 12 வந்தது. "சார், 12தான் இருக்கு, சூப்பரா இருக்கு. உங்க கிட் பழசாயிருக்கும்" என்று புதுக் கிட் ஒன்றைக் கொடுத்தார் கடைக்காரர். புதுக் கிட்டிலும் அதே சிவப்பு. மறுபடி போனபோதுதான் அந்த மீட்டரின் மூலையைக் கவனித்தேன். அது நைட்ரேட்டில் இருக்கும் நைட்ரஜனை மட்டும் காட்டும் மீட்டர். அந்த எண்ணை 4.43 ஆல் பெருக்கினால்தான் நாம் பேசும் நைட்ரேட் கணக்கு வரும். 12 என்றால் 53. மீட்டரை வைத்து வியாபாரம் செய்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரியாது என்றால் அவர் அடுத்தவர் டேங்குக்கு அளவு சொல்லக் கூடாது.

அதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "மீன் ஜாஸ்தி சார், தீனியும் ஜாஸ்தி போடுறீங்க." அன்றைக்கு இரண்டு பொருள் என் தலையில் கட்டினார். ஒன்று, நைட்ரேட்டை உறிஞ்சும் ரெசின் பாக்கெட். வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைப் படித்தால், "சக்தி தீர்ந்ததும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் பயன்படுத்தலாம்" என்று போட்டிருக்கிறது. அதாவது உப்பில் உள்ள குளோரைடு, ரெசின் பிடித்து வைத்த நைட்ரேட்டை வெளியே தள்ளிவிடும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 19 கிராம் அளவுக்குக் குளோரைடு உண்டு, அதில் இந்த ரெசின் நைட்ரேட்டைப் பிடித்து வைக்க முடியாது. நன்னீர் மீன் தொட்டிக்கான பாக்கெட்டை மெரைன் டேங்குக்கு என்று விற்றிருக்கிறார்.

இரண்டாவது, லேபிளே இல்லாத ஒரு பாட்டில். திறந்தால் வினிகர் வாடை. வினிகர், வோட்கா மாதிரி கார்பன் கொடுத்துப் பாக்டீரியாவைப் பெருக வைத்து, அது நைட்ரேட்டை எடுத்துக்கொண்டதும் ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) வழியாக வெளியேற்றுவது உலகம் முழுக்கச் செய்கிற முறைதான். ஆனால் மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரா வாரம் அளந்து பார்த்து, மெதுவாகக் கூட்ட வேண்டியது. அவர் சொன்னது "முதல் நாளே ஒரு மூடி நிறைய ஊத்துங்க சார்". மறுநாள் காலையில் டேங்க் பால் மாதிரி வெளுத்திருந்தது. பெருகிய பாக்டீரியா ராத்திரியோடு ராத்திரியாக ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. க்ளவுன் மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. ஏர் ஸ்டோன் போட்டு அவற்றைக் காப்பாற்ற முடிந்தது. பாறை இடுக்கில் வளை தோண்டி இருந்த வாட்ச்மேன் கோபி மீன் செத்துப் போய்விட்டது. சீனியா கரைந்தே போனது.

அப்புறம் ஒரு நண்பர் டி.டி.எஸ் பேனாவோடு (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கருவி) வந்தார். சீல் உடைக்காத புதுக் கேனைத் திறந்து முக்கினார். 140. ஆர்.ஓ.டி.ஐ தண்ணீர் என்றால் 0 காட்ட வேண்டும், சரி, 1 என்றாலும் பரவாயில்லை. உப்பு கலக்காத அதே தண்ணீரை நைட்ரேட் கிட்டில் போட்டோம். 25 பிபிஎம். குடிக்கிற தண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 45 வரை அனுமதிக்கிறது. ஆகவே குடிக்க அதில் தப்பில்லை. ஆனால் மாற்றும் தண்ணீரிலேயே 25 இருந்தால் எத்தனை தடவை மாற்றினாலும் டேங்க் 25-க்குக் கீழே வராது.

இதைவிடப் பெரிய அடி, ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுவது. ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், நைட்ரேட் உள்ளேயே தங்கிவிடும். சென்னை வெயிலில் என் டேங்க் ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிக்கும். மாதம் 90 லிட்டர், லிட்டருக்கு 25 மில்லிகிராம், மொத்தம் 2250. அதை 200 லிட்டரில் பரப்பினால் மாதா மாதம் 11 பிபிஎம் ஏறுகிறது. மீன், தீனி எல்லாம் இதற்கு மேல்.

கடைக்காரர் முன்னாலேயே பேனாவை முக்கிக் காட்டினேன். "பிளான்ட்ல டி.ஐ ரெசின் மாத்துற டைம் சார்" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டால் பதில் இல்லை. பணம் தர முடியாது, வேண்டுமானால் ஒரு கோரல் எடுத்துக்கோங்க என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டியது கல் பவளம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது, விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். இதை யாராவது இலவசமாகக் கொடுத்தால்கூடத் தொடாதீர்கள். மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி எடுத்து நாம் இழந்ததே போதும்.

இப்போது வீட்டிலேயே டி.ஐ கட்டத்தோடு ஆர்.ஓ யூனிட் போட்டுவிட்டேன். 0 காட்டும் தண்ணீரில் வாரம் 15 சதவீதம் மாற்றுகிறேன். ஃபில்டர் சாக்ஸை (கழிவைப் பிடிக்கும் துணிப் பையை) அடிக்கடி கழுவுகிறேன், ஃப்ரோசன் தீனியை அலசிவிட்டுப் போடுகிறேன். நைட்ரேட் மெல்ல மெல்ல 15-க்கு வந்திருக்கிறது, லெதர் மறுபடி பாலிப் நீட்டுகிறது. ஒரே நாளில் இறக்க முயலாதீர்கள், சட்டென்று மாறினால் பவளம் தாங்காது. 0-க்கும் கொண்டுபோக வேண்டாம், அப்போது டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட்) என்ற தொல்லை பிடித்த பாசி வந்து உட்காரும்.

கேன் வாங்குவதாக இருந்தால் டி.டி.எஸ் பேனாவைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், பணம் கொடுப்பதற்கு முன் முக்கிப் பாருங்கள். பில்லில் "ஆர்.ஓ.டி.ஐ" என்று எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் அப்படி இருந்ததால்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிய முடிந்தது. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.