கேட்க வைத்தது 230 வோல்ட் கருவி, கொடுத்து அனுப்பியது 100 வோல்ட் கருவி

சென்னையில் உயர்விலை ஆடியோ கருவிகளை விற்கும் ஒரு கடையில், ஜப்பானியத் தயாரிப்பான கிளாஸ் ஏ இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர் (ஒலிக் கட்டுப்பாடும் ஸ்பீக்கரை இயக்கும் பெருக்கியும் ஒரே பெட்டியில் உள்ள கருவி) ஒன்றைப் பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாற்றப்பட்டேன். கடையில் நான் பாட்டை ஒலிக்கவிட்டுக் கேட்டுப் பார்த்தது இந்திய மின்சாரத்துக்கென்று தயாரிக்கப்பட்ட 230 வோல்ட் கருவி. வீட்டுக்கு வந்தது ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான 100 வோல்ட் கருவி. முகப்பு, குமிழ்கள், மாடல் பெயர் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால், முன்னால் நின்று பார்க்கிற எவருக்கும் வேறுபாடு தெரியாது. இதே போன்ற கருவியை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காக நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

கேட்டுப் பார்த்த அனுபவத்திலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் அங்கேயே ஒரு தந்திரம் இருந்தது. விலை குறைந்த ஒரு ஆம்ப்ளிஃபையரையும் இதையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்ட விற்பனையாளர், இரண்டிலும் வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைத்து, அதுவே நியாயமான ஒப்பீடு என்றார். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரின் பெருக்கும் அளவும் வேறு என்பதால் குமிழின் நிலைக்கு எந்தப் பொருளும் இல்லை. ஒரு டெசிபல் அளவுக்கு ஒலி கூடினாலும், நம் காது அதைச் சத்தம் கூடியதாக உணராமல் தெளிவு கூடியதாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து இரண்டின் மின்னழுத்தத்தையும் சமப்படுத்தச் சொன்னேன். (சாதாரண மல்டிமீட்டர்கள் பல, 1,000 ஹெர்ட்ஸில் சரியாக அளப்பதில்லை, 100 ஹெர்ட்ஸ் நம்பகமானது.) முதலில் தயங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். விலை உயர்ந்த கருவி ஏறத்தாழ 12 சதவீதம் அதிக வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. அது கிட்டத்தட்ட ஒரு டெசிபல். சமப்படுத்திய பின் இடைவெளி வெகுவாகக் குறைந்தது. இருந்தாலும் குரலின் இயல்பும், மிருதங்கத்தின் தொப்பிப் பக்க ஒலி குழையாமல் தொடங்கி நிற்கும் விதமும், பாட்டு நின்றதும் நிலவும் அமைதியும் எனக்கு இதில்தான் பிடித்திருந்தன. என் ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபல் தருபவை. நடுத்தர அளவிலான என் அறைக்கு 8 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு இது தரும் 30 வாட் போதும், 4 ஓமில் அது 60 வாட்டாக இரட்டிக்கிறது என்பதையும் பார்த்தே முடிவெடுத்தேன். இந்திய விநியோகஸ்தரின் உத்தரவாதம் உண்டு என்று கடைக்காரர் வாய்மொழியாக உறுதி சொன்னார்.

கருவியைக் கடையின் ஊழியரே வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தினார். அதனுடன் கனமான ஒரு கறுப்புப் பெட்டியும் வந்தது. மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலிருந்து காக்கும் சாதனம் என்றும், கடை இலவசமாகத் தருகிறது என்றும் சொல்லி, அதன் வழியாகவே ஆம்ப்ளிஃபையரை இணைத்து, இரண்டையும் அலமாரிக்குள் தள்ளிவைத்துவிட்டுப் போனார். கிளாஸ் ஏ கருவி பாடாமல் இருக்கும்போதும் முழு மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு சூடாகவே இருக்கும். அது அதன் இயல்பு. ஆனால் இந்தக் கருவியின் ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதி) மீது கையை வைக்கவே முடியவில்லை. இரவு நேரங்களில் ஆபத்தின்போது ஸ்பீக்கர் இணைப்பைத் தானே துண்டிக்கும் பாதுகாப்பு ரிலே விழுந்து ஒலி நின்றுபோனது. கறுப்புப் பெட்டி ஓயாமல் உறுமியது.

கருவியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படித்தபோது 100 வோல்ட் என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. அருகிலேயே ஜப்பானிய மின்பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த நாட்டுச் சந்தைக்கு இடப்படும் பி.எஸ்.இ. முத்திரையும் இருந்தது. கறுப்புப் பெட்டியோ வெறும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். அதிலும் 230 வோல்ட்டை 110 ஆக்குவது, 100 ஆக்குவது அன்று. நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது அமெரிக்கக் கருவிகளுக்கான இந்த 110 வோல்ட் வகைதான். மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் வேலை எதையும் அது செய்வதில்லை. உள்ளே வருவது ஏறினால் வெளியே போவதும் அதே விகிதத்தில் ஏறும். எங்கள் பகுதியில் இரவில் 245 வோல்ட் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டை அளந்தேன், 117 வோல்ட். 100 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்ட கருவி 17 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மின்னழுத்தங்கள் அதே அளவு உயர்கின்றன. வடிகட்டும் கெபாசிட்டர்கள் தாங்கும் எல்லையை நெருங்குகின்றன, சில கருவிகளில் தாண்டியும் விடும். ஸ்பீக்கரை இயக்கும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களின் வெப்பமும் குறைந்தபட்சம் அதே விகிதத்தில் கூடுகிறது. பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டிய ஒரு கருவியை, தெரிந்தே இப்படி வதைக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்திய விநியோகஸ்தரிடம் வரிசை எண்ணைக் கொடுத்து விசாரித்தேன். அது அவர்கள் இறக்குமதி செய்த கருவி அல்ல என்றும், உத்தரவாதம் பொருந்தாது என்றும் எழுத்துமூலம் பதில் வந்தது. கருவி வந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்த உத்தரவாத அட்டை முழுவதும் ஜப்பானிய மொழியில் இருந்தது. ஜப்பானுக்குள் மட்டுமே அது செல்லும். கடைக்காரரிடம் கேட்டபோது, “ஜப்பான் மாடல்தான் சார் ஒரிஜினல், சவுண்டும் இன்னும் நல்லா இருக்கும்” என்றார். பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். கேட்டுப் பார்த்த கருவியையாவது கொடுங்கள் என்றதற்கு, அது விற்பனைக்கு அல்ல, காட்டுவதற்கு மட்டும் என்றார். அவர் கொடுத்த ரசீதில் மாடல் பெயர் மட்டுமே இருக்கிறது. வரிசை எண்ணும் இல்லை, மின்னழுத்தமும் இல்லை. அது தற்செயலாக விடுபட்டது என்று நான் நம்பவில்லை.

ஆகவே, கேட்டுப் பார்க்கும்போதே கருவியின் பின்பக்கத்தைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்; வீட்டுக்கு வருவதை மின்சாரத்தில் இணைக்கும் முன் இதே தகட்டைப் பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே, மாடல் பெயர், 230 வோல்ட், வரிசை எண் ஆகிய மூன்றும் ஜி.எஸ்.டி. ரசீதில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முறையாக இறக்குமதியான கருவியின் அட்டைப்பெட்டி மேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதிகபட்ச சில்லறை விலையும் ஒட்டப்பட்டிருக்கும். என் பெட்டியில் அந்த ஒட்டு இல்லை. வரிசை எண்ணை விநியோகஸ்தரிடம் நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள், கடைக்காரர் வழியாக வேண்டாம்.

இப்போது வழக்கறிஞர் மூலம் கடைக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்; கொடுத்த விலை 50 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதே வகையில் கறுப்புப் பெட்டியுடன் ஆம்ப்ளிஃபையர் வாங்கி வைத்திருப்பவர்கள், பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்றிருந்தால், பெட்டியின் வெளியீட்டை மின்சாரம் தெரிந்த ஒருவரை வைத்து இரவு நேரத்தில் அளந்து பார்க்கும்வரை கருவியை இயக்க வேண்டாம்.