கல்குட்டைய என்ன பண்ணலாம்? மூடலாமா, தண்ணி எடுக்கலாமா, மரம் நடலாமா, சும்மா விடலாமா?

சென்னையில பல்லாவரம், பம்மல், திரிசூலம் பக்கம் இருக்குறவங்களுக்கு கல்குட்டைன்னா என்னன்னு சொல்லவே வேணாம். ஒரு காலத்துல ஜல்லிக்கு வெடி வெச்ச குழி, இப்ப பச்சைத் தண்ணி, கரையில நாலு காலி பாட்டில், லீவு விட்டா போதும் எவனோ ஒரு பையன் முங்கிட்டான்னு நியூஸ். ஏதாவது பண்ணணும்னு எல்லாருமே சொல்றாங்க, என்ன பண்ணணும்ங்குறதுலதான் சண்டை. நான் பறவைக்கும் பாம்புக்கும் எது நல்லதுன்னு மட்டும் வெச்சு பாக்குறேன்.

குப்பை கொட்டி மூடுறத ஒரு வரியில முடிச்சுடலாம். இடிச்ச கட்டடம்னுதான் ஆரம்பிப்பாங்க, மூணாவது மாசம் கோழிக்கடை மூட்டையும் வந்துடும், வெடி வெச்சு விரிசல் விட்ட பாறைங்க அது, அந்த சாறு நேரா பக்கத்து வீட்டு போர்லதான் போய் நிக்கும். வேணவே வேணாம்.

அடுத்து தண்ணி. மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் குவாரிங்கள்ல இருந்து 2017 பஞ்சத்துல மெட்ரோ வாட்டர் (சென்னை குடிநீர் வாரியம்) தண்ணி எடுத்து சுத்திகரிச்சு சிட்டிக்கு குடுத்துச்சு, 2019லயும் அதான். குடத்த தூக்கிட்டு லாரி பின்னாடி ஓடின ஊரு இது, அத தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். தண்ணிக்கு மதிப்பு வந்தா குப்பை லாரியும் வராது, அது ஒரு பெரிய பிளஸ். ஆனா சுத்துவட்டார ஏரியெல்லாம் காஞ்சு, முக்குளிப்பான், நீர்க்காகம் மாதிரி நீர்ப்பறவையெல்லாம் குட்டைய நம்பி வர்ற அதே மே மாசத்துலதான் நமக்கும் மோட்டார் போடணும்.

இப்ப எல்லாருக்கும் புடிச்சது, மரம் நடுறது. போட்டோவுக்கு நல்லாருக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா வெறும் பாறையில மரம் வரணும்னா லாரி லாரியா மண்ணு கொண்டு வரணும், அந்த மண்ணு இன்னொரு ஏரியில தோண்டினதா இருக்கும், ரெண்டு மூணு வருஷம் தண்ணி ஊத்தணும். அதவிட முக்கியம், இந்தப் பக்கம் குன்றுகள்ல இருக்குறது புதர்க்காடு, களா, காரை, சூரைன்னு முள்ளும் வெயிலுமா கெடக்கும். அதுல நெருக்கி மரத்த அடைச்சா வெட்டவெளிய நம்பி இருக்குற கவுதாரியும் ஆட்காட்டியும் எங்க போகும்? கென்யாவுல மொம்பாசா பக்கம் ஒரு சிமெண்ட் கம்பெனி குவாரிய 1971ல காடாக்க ஆரம்பிச்சத எல்லாரும் உதாரணம் காட்டுவாங்க. அங்க 26 வகை மரம் வெச்சதுல தாக்குப்பிடிச்சது மூணுதான், அதுல ஒண்ணு நம்ம சவுக்கு. அதோட எலை மக்காம அப்படியே கெடந்ததால மரவட்டைய கொண்டு வந்து விட்டாங்க. (நம்ம ஊர்ல மழை பேஞ்சா அது பாத்ரூம் வரைக்கும் தானா வரும்.) ஆனா அது சுண்ணாம்புப் பாறை, சமதரை. நம்மளுது கிடுகிடு பள்ளம்.

கடைசியா, கொஞ்சம் கைவெச்சு மத்தத சும்மா விடுறது. நான் இந்தக் கட்சி. மேடவாக்கம் பக்கம் நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள்ள ஒரு பழைய குவாரி இருக்கு, அதோட பாறைச் செவுத்துல கொம்பன் ஆந்தை குடும்பம் நடத்துது. கூடெல்லாம் கட்டாது, ஆள் ஏற முடியாத திட்டுல வெறும் தரையில முட்டை வைக்கும். மரம் எவ்ளோ நட்டாலும் அந்தச் செவுரு கிடைக்காது, அத நம்மளே தெரியாத்தனமா செஞ்சு குடுத்துட்டோம்.

ஆனா முழுசா சும்மா விட்டா சீமைக்கருவேலம் ஏறும், பாட்டில் ஏறும், பசங்க சாவும். மேல வேலி கண்டிப்பா வேணும். அப்புறம் கரை. குட்டைக்கு ஓரமே கிடையாது, ஒரு அடி வெச்சா ஆழம், அதனால கொக்கு, உள்ளான் மாதிரி நடந்து மேயுறதுக்கு அங்க எடமே இல்ல. நம்ம பசங்க முங்குறதுக்கும் அதே செங்குத்துதான் காரணம்.

இதுல ஒரு விஷயம், எந்தக் குவாரியிலயும் லாரி எறங்கின பாதை ஒண்ணு இருக்கும், இருக்குறதுலயே சரிவான எடம் அதான். எங்க பக்கத்து குட்டையில காலையில போனா கொக்கு எல்லாம் அங்கதான் நிக்குது. அந்த ஒரு பாதைய ஜேசிபி வெச்சு அகலமாக்கி, கெடக்குற கல்லையே பரப்பி விட்டா போதும்னு தோணுது. வேலைய மே கடைசி, ஜூன்ல வெச்சுக்கணும், அப்பதான் தண்ணி அடியில இருக்கும், ஆந்தைக் குஞ்சும் பறந்திருக்கும்.