38,500 ரூபா போச்சு: பெனல் லைன் ‘செட்’ வாங்க நினைக்கிறவர்கள் காசு கட்ட முன்னம் வாசியுங்கள்

38,500 ரூபா. பிளாஸ்டிக் மொடல் விமானம் கட்டுகிற ‘செட்’ ஒன்றுக்கு. ஒட்டிக் கட்டும் பாகங்கள் உள்ள கிட்டுக்கு 24,000, பெனல் லைனை, அதாவது விமானத்தின் தகடுகள் சேருகிற கோட்டை, வெட்டுகிற ஸ்க்ரைபருக்கு 6,500, வெட்டும்போது வழிகாட்டுகிற டெம்ப்ளேட்டுக்கு 3,500, கோட்டில் ஓடவிட்டு அதை எடுத்துக்காட்டுகிற திரவமான வொஷ் போத்தலுக்கு 3,000, பொதி கட்டி மலைநாட்டுக்கு அனுப்ப 1,500. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். கணக்கில் மட்டும்தான் அவர்கள் சுத்தம். பார்சலில் வந்த நான்கு சாமானில் ஒன்றுகூடச் சொன்ன சாமான் இல்லை.

இணையத்தில் மட்டும் வியாபாரம் செய்கிற ஒரு மொடல் சாமான் பக்கம் இது. கடை இல்லை, பில் இல்லை, ஒரு போன் நம்பரும் ஒரு வங்கிக் கணக்கும்தான். பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் இன்னொரு பக்கம் திறப்பார்கள். சாமானைப் பற்றி விபரமாகச் சொன்னால் யார் விற்றாலும் பிடித்துவிடலாம், அதனால் அதை எழுதுகிறேன்.

முதலில், எப்படி நம்ப வைக்கிறார்கள் என்பது. விளம்பரத்தில் இருந்தது 1/48 (நிஜத்தில் 48இல் ஒரு பங்கு) அளவில் ஹரிக்கேன் போர் விமானம், ‘புது மோல்ட், நுண்ணிய உட்குழிந்த பெனல் லைன்’ என்று. மோல்ட் என்றால் பாகங்களை வார்க்கிற அச்சு. 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு கொழும்பு மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் கிளம்பியவை 30ஆம், 258ஆம் ஸ்குவாட்ரன்களின் ஹரிக்கேன்கள். இலங்கையில் மொடல் கட்டுகிற ஆள் ஒருநாளாவது அதைக் கட்ட ஆசைப்படுவான். அது அவர்களுக்கும் தெரியும்.

கேள்வி கேட்டால் சும்மா ‘நல்ல சாமான் அண்ணே’ என்று சொல்லவில்லை. “விமானியறைக்குப் பின்னால் லைன் எப்படி?” என்று கேட்டதற்கு, “அண்ணே, அங்க துணி போர்த்தினதுதானே, பெனல் லைன் வராது, மரச்சட்டத்து மேடு மட்டும்தான் தெரியும்” என்று பதில் வந்தது. சரியான பதில். ஹரிக்கேனின் பின் உடல் மரச்சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய துணி. வால் பகுதியும் துணிதான். தகடு முன்பக்கத்திலும் பிந்திய ரக இறக்கைகளிலும்தான். இதைத் தெரிந்து சொல்கிற விற்பனையாள் இந்த நாட்டில் எத்தனை பேர்? கூடவே இறக்கையைக் கிட்டப் பிடித்த ஒரு படமும் அனுப்பினார்கள். பக்கவாட்டு டோர்ச் வெளிச்சம், மயிர் போன்ற கோடுகள். காசு போனது அந்தப் படத்துக்காக.

அந்தப் படத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் குழிந்த கோடும் மேடான கோடும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் நிழல், அவ்வளவுதான். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் கண் ஏமாறும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மேடு குழியாகிவிடும். அவர்கள் அனுப்பிய படத்தில் ஸ்ப்ரூவின் (பாகங்கள் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் சட்டத்தின்) ஓரம், பாக எண், நிழல் விழுகிற வேறு எந்தப் பொருளும் இல்லை. வெட்டி எடுத்த படம்.

‘கேஷ் ஒன் டெலிவரி’ கேட்டதற்கு, “ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துக்கு நாங்க அப்படி அனுப்புறது இல்ல அண்ணே, பேங்க்ல போட்டுட்டு ஸ்லிப் அனுப்புங்க” என்றார்கள். தபால்காரன் வீட்டு வாசலில் காசு வாங்கிப் போகிற காலத்தில் மலைநாட்டுக்கு மட்டும் ஏன் முடியாது? 38,500 ரூபாவும் முன்பணமாகப் போனது.

இனி வந்த சாமான்.

கிட். பெட்டி புதுசு, உள்ளே பிளாஸ்டிக் பழைய மோல்ட். கோடெல்லாம் மேடு. பென்சிலைப் படுக்கவைத்து இறக்கைமேல் இலேசாகத் தேய்த்தால் கோடுகள் கறுத்து நின்றன. குழிந்த கோடாக இருந்தால் சுற்றுப்புறம் கறுத்துக் கோடு வெள்ளையாக நிற்கும். மேடான கோடு கெட்டது என்று சொல்லவில்லை. மொனோகிராம் கம்பனியின் பழைய 1/48 பி-17 விமானக் கிட் மேடான கோட்டோடுதான் வந்தது, இன்றைக்கும் ஆட்கள் விரும்பிக் கட்டுகிறார்கள். ஆனால் அதைப் பழைய கிட் விலைக்கு, பழைய கிட் என்று சொல்லி விற்க வேண்டும். 24,000 ரூபாவுக்கு ‘புது மோல்ட்’ என்று தலையில் கட்டுவது வேறு. இறக்கையை ஒட்டி இணைப்பைத் தேய்க்கும்போது மேட்டுக் கோடு முதல் ஆளாகப் போய்விடும். ஹரிக்கேனின் இறக்கை முன்விளிம்பில் மேலிருந்து கீழே தொடர வேண்டிய கோடுகள் எல்லாம் நடுவில் அறுந்து நிற்கும். வொஷ்ஷும் அதில் வேலை செய்யாது. குழியில் ஓடித் தங்க வேண்டிய திரவம் மேட்டின் இரண்டு பக்கமும் ஒதுங்கி அழுக்காக நிற்கும்.

இதைச் சொன்னதும் வந்த முதல் மழுப்பல்: “அதுக்குத்தானே ஸ்க்ரைபர் குடுத்திருக்கோம், நீங்களே வெட்டிக்கலாம்.”

சரி, வெட்டலாம். என்ன வேலை என்று தெரியுமா? மேட்டுக் கோடு முழுவதையும் முதலில் தாளில் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் டைமோ டேப் (தடித்த லேபல் டேப்) ஒட்டி, கோட்டின் இரு முனையிலும் 0.3 மில்லிமீற்றர் துளை போட்டு நிறுத்தும் இடம் வைத்து, முதல் இழுவை பாரமே கொடுக்காமல், அடுத்தவை கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே திசையில் இழுக்க வேண்டும். முதல் இழுவையில் பாரம் கொடுத்தால் முனை மேட்டில் ஏறிச் சறுக்கி வேறு பக்கம் ஓடும். ஓடின கீறலுக்கு சுப்பர் குளூவும் டல்கம் பவுடரும் குழைத்து நிரப்பி, இறுகிக் கல்லாகும் முன் தேய்த்துவிட்டு மறுபடி. எல்லாம் முடிந்தால் மிச்ச மேட்டை 1000ஆம் நம்பர் சேண்ட் பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து, மெல்லிய பசையைத் தூரிகையில் எடுத்து வெட்டின கோடு நெடுக ஒருமுறை ஓட விட்டால் பிசிறு கரையும். இறக்கையும் உடலும் சேருகிற வளைவில் டேப் நிற்காது, தனியாகக் குறுக்கி வெட்டி ஒட்ட வேண்டும். இவ்வளவையும் செய்வதற்கு எதற்கு 24,000?

செய்ய வேண்டுமானால் கருவி கருவியாக இருக்க வேண்டும். ‘டங்ஸ்டன் கார்பைட்’ என்று வந்த ஸ்க்ரைபர் சாதாரண இரும்பு. கார்பைட் இரும்பைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம், கையில் எடுத்ததுமே தெரியும். சாதாரண அரத்தால் அதன் தண்டில் ஓரமாகத் தேய்த்தால் அரம் வழுக்கும், சாமானில் ஒன்றும் விழாது. இதில் அரம் நன்றாகக் கடித்து, பளபளவென்று இரும்பு தெரிந்தது. உண்மையான கார்பைட் கீழே விழுந்தால் முனை ‘டிக்’ என்று உடையும். இந்த முனை உடையாமல் வளைந்தது! நல்ல உளி முனையை இழுத்தால் நூல்போலச் சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் வரும், அதாவது கோட்டிலிருந்து பிளாஸ்டிக் வெளியேறுகிறது. இது பிளாஸ்டிக்கை வெளியே எடுக்காமல் இரு பக்கமும் ஒதுக்கித் தள்ளுகிறது. கோட்டின் இரு கரையிலும் வரப்பு எழும்பும், பெயின்ட் அடித்ததும் அது இரட்டைக் கோடாகத் தெரியும். அகலம் 0.15 மில்லிமீற்றர் என்று போட்டிருக்கிறது. வெட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 0.5. 1/48இல் 0.15 என்றால் நிஜ விமானத்தில் 7 மில்லிமீற்றர் இடைவெளி, அதுவே கொஞ்சம் கூடத்தான், ஆனால் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளும். 0.5 என்றால் 24 மில்லிமீற்றர். தேயிலை மலையில் கான் வெட்டின மாதிரி இருக்கும்.

டெம்ப்ளேட் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. உருக்குத் தகடு என்றார்கள், வந்தது சாம்பல் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். முனை அதன் ஓரத்தையே சீவியது. 3,500.

வொஷ். டாமியா கம்பனி பெயர் ஒட்டின 40 மில்லிலீற்றர் போத்தல். உள்ளே வேறு யாரோ நிரப்பினது, நிரப்பினவருக்கு எனமலுக்கும் லெக்கருக்கும் வித்தியாசம் தெரியாது, அல்லது தெரிந்தே செய்தார். அசல் சாமான் எனமல், அதன் தின்னர் மென்மையானது. லெக்கர் தின்னர் கடுமையானது, மற்றப் பெயின்ட்டையும் கரைக்கும். அக்ரிலிக் பெயின்ட் அடித்து, குளோஸ் கோட் (பளபளப்புப் பூச்சு) போட்டுக் காயவிட்டு, கோட்டில் ஒரு சொட்டு வைத்தால் குழி வழியே தானாக ஓடும். மிச்சத்தை எனமல் தின்னர் தொட்ட பஞ்சுக் குச்சியால், பறக்கும்போது விமானத்தின்மேல் காற்று ஓடுகிற திசையில் துடைத்தால் கீழே உள்ள பெயின்ட் அசையாது. இந்தப் போத்தலில் இருந்தது லெக்கர் தின்னரில் கரைத்த கறுப்பு. கழிவு ஸ்ப்ரூத் துண்டில் அக்ரிலிக் அடித்துக் காயவைத்து ஒரு சொட்டு வைத்ததும் பெயின்ட் கரைந்து பிளாஸ்டிக் வரை போய், பிளாஸ்டிக்கும் ஒட்டத் தொடங்கியது. முடித்த விமானத்தில் ஊற்றியிருந்தால் விமானமே போயிருக்கும்.

அதற்கு அவர்கள் சொன்ன பதில்தான் இரத்தத்தைக் கொதிக்க வைத்தது: “சேர், அது உங்க ஊர்க் குளிருக்கும் ஈரத்துக்கும் அப்படித்தான். எங்க பக்கத்துல யாரும் கம்ப்ளெயின் பண்ணல்ல.” காசு போடும் வரை அண்ணே, போட்ட பிறகு சேர்.

குளிரும் ஈரமும் என்ன செய்யும் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பனிமூட்டத்தில் லெக்கர் கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு) அடித்தால் தின்னர் விரைவாகப் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூக்கும். அதற்காகத்தான் மழை நாளில் கிளியர் அடிப்பதில்லை, அல்லது மெதுவாகக் காய்கிற தின்னர் சேர்க்கிறோம். எனமல் வொஷ் குளிரில் காய அதிக நேரம் எடுக்கும், துடைக்க வசதியாகக்கூட இருக்கும். எந்தக் குளிரும் எந்த ஈரமும் எனமலை லெக்கராக மாற்றாது. பெயின்ட்டைக் கரைக்கிறது தின்னர், நுவரெலியா மூடுபனி இல்லை.

பிறகு வழக்கமான சாக்குப்போக்குகள். “ஸ்டோர்ல கேட்டுச் சொல்றோம்.” “அந்தத் தம்பி லீவு.” “பெட்டி திறந்தா ரிட்டர்ன் இல்ல சேர்.” பெட்டியைத் திறக்காமல் உள்ளே கோடு மேடா குழியா என்று எப்படிப் பார்ப்பது? “கொழும்புக்குக் கொண்டுவந்து தந்தா பார்க்கலாம்.” அப்புறம், “விளையாட்டுச் சாமானுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்?” கடைசியில் அடுத்த ஓடருக்குப் பத்து வீதம் கழிவு தருவதாக ஒரு மெசேஜ். அடுத்த ஓடராம்! அதற்குப் பிறகு வாசித்த அடையாளம் விழுகிறது, பதில் இல்லை. 38,500 ரூபாவுக்கு ஒரு ‘சொரி’ கூட இல்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியதை முழுசாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும்:

பெட்டி எண்ணை வாங்கி ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் தேடுங்கள். எந்த மோல்ட், எந்த ஆண்டு, யாருடைய மோல்ட்டை யார் திரும்பப் பெட்டி மாற்றிப் போட்டார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். பெட்டியின் அச்சு ஆண்டு மோல்ட்டின் ஆண்டு இல்லை.

படம் கேட்டால் முழு ஸ்ப்ரூவும் தெரிய, பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய தாளும் ஒரு பேனையும் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பேனையின் நிழல் விழுகிற பக்கம் தெரிந்தால் கோடு மேடா குழியா என்று நீங்களே சொல்லலாம்.

வொஷ் எதுவானாலும் முதலில் கழிவு ஸ்ப்ரூவில். பெயின்ட் அடிக்காத வெறும் பிளாஸ்டிக்கில் அசல் எனமல் வொஷ்ஷையும் நிறைய ஊற்றாதீர்கள், இறுக்கிப் பொருத்தின இடங்களில் வெடிப்பு வரும்.

காசு மாற்றின ஸ்லிப், மெசேஜ், விளம்பரப் படம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், அவர்கள் அழிப்பார்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977.

இன்று காலை அதே பக்கத்தில் ஸ்பிட்ஃபயர் ‘செட்’ ஒன்று போட்டிருக்கிறார்கள், அதுவும் 38,500. நுண்ணிய பெனல் லைன் என்று காட்டியிருக்கிற படத்தில் இருப்பது தடித்த, விளிம்பு நேரான ஹரிக்கேன் இறக்கை.