மீன் உடம்பைத் தேய்க்கிறதா? லேபிள் இல்லாத நீல மருந்தை வாங்காதீர்கள்

"ரெண்டு வாரம் தனித்தொட்டியில வச்சிருந்த மீன், பயமில்லாம விடுங்க" என்று சொல்லி விற்கப்பட்டவை ஒராண்டா என்னும் தங்கமீன் வகையில் 6 மீன்கள். நாலாம் நாளே துடுப்பை மடக்கிக்கொண்டு கற்களில் உடம்பைத் தேய்த்தன. கடையில் சொன்னதும், மீனைப் பார்க்காமலே "வெண்புள்ளி" நோய் என்று முடிவுகட்டி, லேபிள் இல்லாத பாட்டிலில் நீல மருந்து கொடுத்தார்கள். அளவு கேட்டதற்கு, "தண்ணி நல்லா நீலமாகுற வரைக்கும் ஊத்துங்க" என்றார்கள். 5 நாளில் 4 மீன்கள் செத்தன.

அந்த மீன்களில் ஒரு வெள்ளைப் புள்ளிகூடக் கிடையாது. மிஞ்சிய ஒன்றின் தோல் வழவழப்பை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் விஷயம் தெரிந்தது: கைரோடாக்டிலஸ் என்னும் தோல் புழு. அரை மில்லிமீட்டர் நீளம். வால்பக்கக் கொக்கிகளால் பற்றிக்கொண்டு அட்டை மாதிரி நீண்டு சுருங்குகிறது. வயிற்றுக்குள் குட்டி, அந்தக் குட்டியின் கொக்கிகள் கண்ணாடிபோல் தெளிவாகத் தெரிகின்றன. முட்டை இடாமல் நேரே குட்டி போடுவதால் தொட்டிக்குள் மளமளவெனப் பெருகும். இரண்டு வாரம் உண்மையிலேயே கவனித்திருந்தால் இது கண்ணில் படாமல் போகாது.

நீல மருந்து பெரும்பாலும் மெதிலீன் ப்ளூ என்னும் சாயம். இந்தப் புழுவுக்கு அது மருந்தே அல்ல. கண்டபடி ஊற்றினால் ஃபில்டரிலுள்ள நல்ல பாக்டீரியா சாகும், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு ஏறும். புழு அரித்த தோலோடு இருக்கும் மீன் அதைத் தாங்காது.

மருந்து வாங்குமுன் சுரண்டிப் பாருங்கள். ஈரக் கையால் மீனைப் பிடித்து, பக்கத்துடுப்புக்குப் பின்னாலிருந்து வால் நோக்கி கவர் ஸ்லிப்பால் (மைக்ரோஸ்கோப்புக்கான மெல்லிய கண்ணாடித் துண்டு) மெல்ல வழியுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் செதில் பெயரும். வழித்ததைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, தொட்டித் தண்ணீரே ஒரு சொட்டு விடுங்கள். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீர் ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும். உடனே 40 மடங்கிலும் 100 மடங்கிலும் பாருங்கள். குதிரை லாட வடிவ உட்கருவோடு மெதுவாக உருண்டால் அது வெண்புள்ளிக் கிருமி. உள்ளே பல்சக்கரம் தெரிய, தட்டுபோல் சுழன்றால் டிரைக்கோடினா என்னும் வேறொரு ஒட்டுண்ணி. இந்த மூன்றில் எது என்று பார்க்காமலே யாராவது மருந்து விற்றால் வாங்காதீர்கள்.

தோல் புழுவுக்கு பிராசிகுவாண்டல் என்னும் புழு மருந்து, லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம். 600 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 200 லிட்டருக்குச் சரி. தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் மாவாக அரைத்து, பாட்டிலில் நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். ஒரு வாரம் கழித்து மறுபடி சுரண்டிப் பாருங்கள். செவுளில் வாழும் டாக்டிலோகைரஸ் என்னும் புழு முட்டையிடும் இனம். முட்டைக்குள் மருந்து ஏறாது, அதனால் அதற்கு இரண்டாம் முறையும் மருந்து கட்டாயம்.

கடையில் வாங்குமுன் அந்தத் தொட்டி முன்னால் 5 நிமிடம் நில்லுங்கள். ஒரு மீன் அடிக்கடி உடம்பைத் தேய்த்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதுவும் வேண்டாம். "தனித்தொட்டி" என்று சொன்னால், வலையும் தனியா என்று கேளுங்கள். அந்த ஒராண்டா மீன்களை விற்ற கடையில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலைதான்.