ஜெராஷ் ரோமானியக் கோயில்கள்: ஒன்றரை மணி நேரத்தில் பார்க்கிற இடம் இல்லை

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் வேளாங்கண்ணிக்குப் போவதுதான் வழக்கம். இந்தத் தடவை அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஜோர்டானும் எகிப்தும் சேர்ந்த புனித பூமி யாத்திரைக்குப் போய் வந்தேன். நெபோ மலை, யோர்தான் ஆறு பற்றி நம் ஆட்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். பயணத் திட்டத்தில் ஒரு ஓரமாக ‘ஜெராஷ், ரோமானிய இடிபாடுகள்’ என்று போட்டிருந்த இடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் தங்கச்சிமடம் திரும்பி வந்து இத்தனை நாள் ஆகியும் வலை பின்ன உட்காருகிறவர்களிடம் அப்பா சொல்லிக்கொண்டிருப்பது அந்த ஒரு இடத்தைத்தான்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். கூட்டிப்போன டிராவல்ஸ் பெயர் வேண்டாம். ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து ஜெராஷ் வடக்கே 48 கிலோமீட்டர், பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலையில் கிளம்பி நேராகப் போயிருந்தால் வெயில் ஏறுமுன் பாதி பார்த்திருக்கலாம். ஆனால் சாக்கடல் சோப்பும் சேற்றுக் கிரீமும் விற்கிற ஒரு கடையில் எங்களை வெகுநேரம் உட்கார வைத்துவிட்டு, உச்சி வெயிலில் கொண்டுபோய் இறக்கி, “ஒன்றரை மணிக்கு பஸ்ஸை எடுத்துருவோம், கைடெல்லாம் வேணாம், எல்லாம் இடிஞ்ச கல்லுதான்” என்றார் கூட வந்தவர். வாசலில் ஹேட்ரியன் வளைவு, அந்த ரோமானியப் பேரரசர் கி.பி. 129-130இல் வந்ததற்காகக் கட்டியது, அதைத் தாண்டிக் குதிரைப் பந்தய மைதானம், அப்புறம்தான் ஊரின் தெற்கு வாசலே வரும். வயசானவர்கள் அதற்குள் களைத்துப்போய் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார்கள். கோயில் பக்கம் யாருமே போகவில்லை, தூரத்திலிருந்து தூண்களைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார்கள். அவ்வளவு பணம் கட்டி, அவ்வளவு தூரம் போய்! எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் அம்மானில் ஷாப்பிங் என்று விட்டிருந்தார்கள். நானும் அப்பாவும் ஒரு டாக்ஸி பேசிக்கொண்டு திரும்பவும் போனோம். டிக்கெட் ஆளுக்கு 10 தினார், ஒரு தினார் நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல் என்பதால் கொஞ்சம் யோசித்துத்தான் நீட்டினேன். வாசலிலேயே ஒரு வயதான கைடு, 20 தினார் வாங்கினார். நான் கொடுத்ததிலேயே சரியான இடத்தில் போய்ச் சேர்ந்த பணம் அதுதான்.

ஆரம்பத்திலேயே அவர், இது பத்து நகரங்களின் கூட்டத்தில் ஒன்று, டெக்காபொலிஸ் என்பார்கள் என்றார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அப்பா, “தெக்கப்பொலியா? மாற்கு நற்செய்தில வருமே!” என்று பிடித்துக்கொண்டார். ஊரின் பழைய பெயர் கெரசா, நற்செய்தியில் வருகிற கெரசேனர் என்பதும் இந்தப் பெயர்தான். அதற்குப் பிறகு அப்பாவுக்கு வெயிலே தெரியவில்லை.

முட்டை வடிவத்தில் ஒரு பெரிய முற்றம், சுற்றிலும் தூண்கள். அங்கிருந்து 800 மீட்டர் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு கல் பாவிய தெரு. தெருக்கல்லில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம் அப்படியே இருக்கிறது, குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன், விரல் உள்ளே போகிறது. ஜீயஸ் கோயில் தெற்குப் பக்க மேட்டில், ரொம்பவே சரிந்து கிடக்கிறது. பக்கத்தில் இருக்கிற அரங்கத்தில் உள்ளூர்க்காரர்கள் பேக்பைப் வாசிக்கிறார்கள், ஐந்து நிமிடம் நின்று கேட்கலாம்.

ஆனால் ஆர்ட்டெமிஸ் கோயில்! இந்த ஊரின் காவல் தெய்வம் அவள், கோயில் இரண்டாம் நூற்றாண்டு. அகலமான படிகளில் மூச்சு வாங்க ஏறினால் மேலே முகப்புத் தூண்கள், பன்னிரண்டில் பதினொன்று இன்னும் நிற்கின்றன, ஒவ்வொன்றும் நன்றாக வளர்ந்த பனை உயரம், உச்சியில் இலை இலையாகச் செதுக்கல். கைடு ஒரு தூணின் அடியில் உட்கார்ந்து, இரண்டு கல்லுக்கும் நடுவில் இருந்த சின்ன இடுக்கில் ஒரு ஸ்பூனைச் சொருகி, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். மேட்டில் நல்ல காற்று. ஸ்பூனின் காம்பு மெதுவாக மேலே போகிறது, கீழே வருகிறது, திரும்ப மேலே. அவ்வளவு பெரிய தூண் மூச்சு விடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது, கண்ணுக்கு அசைவே தெரியவில்லை. அப்பா மண்டிபோட்டு உட்கார்ந்து தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தார். “பாய்மரம் மாதிரி இருக்கும்மா. மரமும் இப்படித்தான், கொஞ்சம் ஆட விடணும். இறுக்கிக் கட்டுனா கச்சான் காத்துல முறிஞ்சிரும்” என்றார். அதைக் கைடிடம் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கியதால்தான் இது நில அதிர்ச்சியைத் தாங்கியது என்று விளக்கினார். கி.பி. 749இல் வந்த நில அதிர்ச்சியில் ஊரில் பெரும்பகுதி விழுந்துபோனது, இவை விழவில்லை. எங்கள் தாத்தா தனுஷ்கோடியிலிருந்து 1964 புயலுக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தவர், அங்கே புயலில் இடிந்து முருகைக்கல் சுவரோடு நிற்கிற தேவாலயத்தைப் பார்த்தே வளர்ந்தவர் அப்பா. தூணை விட்டு எழுந்திருக்க அவருக்கு மனசே இல்லை.

கோயிலுக்கு அந்தப் பக்கம் பழைய தேவாலயங்கள், பேராலயத்தை ஒட்டி ஒரு நீரூற்று முற்றம். இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர் கல்யாணத்தின் நினைவு நாளில் இந்த ஊற்றில் திராட்சை ரசம் ஓடியதாக நான்காம் நூற்றாண்டிலேயே புனித எப்பிபானியுஸ் எழுதியிருக்கிறார். யாத்திரைக்குக் கூட்டிப்போகிறவர்கள் இதைக்கூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

எங்கள் ஊர்ப் பக்கமும் ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது கைடு முதலில் நம்பவில்லை. போனில் தேடி அழகன்குளம் படங்களைக் காட்டினேன். வைகை கடலில் கலக்கிற இடம், 1986-87இல் தொடங்கி நம் தொல்லியல் துறை பல தடவை தோண்டிய ஊர், ரோமானிய நாணயங்கள், மதுச்சாடி ஓடுகள், கப்பல் படம் கீறிய பானை ஓடு எல்லாம் அங்கே கிடைத்தன. கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகமான முசிறியில், ரோமானியப் பேரரசர் அகஸ்டஸுக்குக் கோயில் ஒன்று இருந்ததாக ரோமானியரின் பழைய சாலை வரைபடமே காட்டுகிறது என்பதையும் சொன்னேன். அந்தக் கப்பல் ஓட்டின் படத்தை அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். ராமநாதபுரத்திலிருந்து ஆள் சேர்த்து அங்கே கூட்டிப்போகிறவர்கள் பஸ்ஸில் இந்தக் கதையை ஒரு பத்து நிமிடம் சொன்னால், யாராவது ஜெராஷை இடிந்த கல் என்பார்களா?

போகிறவர்களுக்கு: காலையில் சீக்கிரமே போங்கள், குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். உள்ளே நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கல் வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். மூட்டுவலிக்காரர்கள் பந்தய மைதானத்தில் நேரத்தைச் செலவழிக்காமல் நேராகக் கோயில் படிக்கு நடந்துவிடுங்கள். தனியாகப் போகிறீர்கள், பெட்ராவும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் ஜோர்டான் பாஸ் வாங்குவது லாபம், ஜெராஷ் டிக்கெட் அதிலேயே அடங்கும். குழுவாகப் போனால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஜெராஷில் எத்தனை மணி நேரம், கைடு உண்டா, ஆர்ட்டெமிஸ் கோயில் வரை கூட்டிப்போவார்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.